இடுப்பு முறிவும் தொடை எலும்பும்: ‘வித்தியாசம் இல்லை’ என்ற முடிவை வாசிப்பது எப்படி?

வன்னியில் தொடை எலும்பு முறிந்து வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒருவர் எழுபது, எண்பது வயது அம்மம்மா. கிணற்றடிப் பாசியில் வழுக்கியோ, விடியப்புறம் கக்கூசுக்குப் போகும்போது படி தடுக்கியோ, நின்ற உயரத்தில் இருந்து விழுந்திருப்பார். மற்றது இருபது, முப்பது வயதுப் பொடியன். இரவில் ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளில் வந்து, நடுவீதியில் படுத்திருந்த கட்டாக்காலி மாட்டோடு மோதியிருப்பான். அல்லது லாண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு யந்திரம் புரண்டிருக்கும். அல்லது பனையில் இருந்து விழுந்திருப்பான். எலும்பு ஒன்றுதான். முறிகிற இடம் வேறு, முறிப்பதற்குத் தேவையான விசை வேறு, உயிருக்கு வருகிற ஆபத்தும் வேறு.

இந்த முறிவுகளைப் பற்றி உலகில் ஏராளமான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றில் பல, ‘இந்த முறைக்கும் அந்த முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை’ என்று முடிகின்றன. கேட்பவருக்கு ஏமாற்றமாக இருக்கும். இத்தனை நாடுகளில் ஆட்களைச் சேர்த்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்து, கடைசியில் இதுதானா? ஆனால் வன்னி போன்ற இடத்துக்கு அதைவிட நல்ல செய்தி அரிது என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்வதற்கு முதல் எலும்பைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

தொடை எலும்பின் மேல் நுனியில் ஓர் உருண்டை இருக்கிறது. இடுப்புக் குழிக்குள் சுழல்கிற தலை அதுதான். தலைக்குக் கீழே ஒடுங்கிய கழுத்து. கழுத்து முடியும் இடத்தில், பெரிய தசைகள் பற்றிக்கொள்ளும் இரண்டு புடைப்புகள். அங்கிருந்து முழங்கால் வரை நீண்ட தண்டு. வயதானவர்களின் இடுப்பு முறிவு கழுத்திலோ, புடைப்புகளுக்கு இடையிலோ நடக்கிறது. பொடியங்களுக்குப் பெரும்பாலும் தண்டு முறிகிறது. உடலிலேயே நீளமும் பலமும் கூடிய எலும்பு இது. நல்ல நிலையில் உள்ள தண்டு முறிய வேண்டுமென்றால் அடி அவ்வளவு பலமாக இருந்திருக்க வேண்டும்.

கழுத்தில் முறிந்ததா, புடைப்புகளுக்கு இடையில் முறிந்ததா என்று வைத்தியர்கள் ஏன் அவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள்? இரத்த ஓட்டம்தான் காரணம். தலைக்குப் போகும் இரத்தத்தின் பெரும் பகுதி, கழுத்தை ஒட்டி மேலேறும் மெல்லிய நாளங்களால்தான் போகிறது. இரணைமடுக் குளத்தின் கடைசி வாய்க்காலில் தண்ணீர் வாங்கும் வயலை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே கட்டு உடைந்தால் அந்த வயலுக்கு வேறு வழியில்லை. கழுத்து முறிந்து எலும்பு விலகினால் அந்த நாளங்கள் கிழிந்துபோகலாம். எலும்பைச் சேர்த்துப் பூட்டினாலும், சில மாதங்களிலோ ஒன்றிரண்டு வருடங்களிலோ தலை செத்து நொறுங்கலாம். புடைப்புகளுக்கு இடையில் முறிந்தால் இந்தக் கவலை மிகக் குறைவு. அங்கே இரத்தம் தாராளம்.

சிகிச்சை பிரிவது இந்த இடத்தில்தான். கழுத்து முறிந்தும் விலகாமல் இருந்தால், ஸ்குறூ போட்டுப் பிடித்துவைக்கலாம். விலகிவிட்டால், வயதானவர்களுக்குப் பெரும்பாலும் அந்தத் தலையையே எடுத்துவிட்டுச் செயற்கைத் தலை வைக்கிறார்கள். உருண்டையை மட்டும் மாற்றினால் பாதி மாற்று, குழியையும் சேர்த்து மாற்றினால் முழு மாற்று. புடைப்புப் பகுதி முறிவு என்றால் வழுக்கிச் செல்லும் ஸ்குறூ உள்ள பிளேட், அல்லது எலும்பின் உள்ளே இறக்கும் கம்பி. கழுத்து முறிவு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைச் சொல்ல, ரொபேர்ட் கார்டன் என்ற பிரித்தானிய சத்திரசிகிச்சை நிபுணர் 1961 இல் தந்த நான்கு நிலைகளை இன்றும் வாட்டில் சொல்வதைக் கேட்கலாம்.

படுக்கைதான் எதிரி

“வயசு போன ஆள், ஒப்பரேசன் தாங்குவாவோ? கட்டிலோடயே கிடக்கட்டும், எலும்பு மெல்ல ஒட்டட்டும்.” இப்படிச் சொல்லாத குடும்பம் குறைவு. அன்பினால் சொல்வதுதான். ஆனால் இடுப்பு முறிந்த முதியவரைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும்விட ஆபத்தானது அந்தக் கட்டில். மல்லாந்து கிடக்கும்போது சளி இறங்கி நியூமோனியா வருகிறது. கால் நாளங்களில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறலாம். முதுகிலும் குதிக்காலிலும் படுக்கைப்புண். சலத்தில் கிருமி. தசை கரைகிறது. திடீரென்று ஆள் மாறி, நேரம் காலம் தெரியாமல் பிதற்றத் தொடங்குகிறார். பல நாட்டுக் கணக்குகளைப் பார்த்தால், இடுப்பு முறிந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். எலும்பு ஒட்டாததால் இறக்கிறவர் அவர்களில் அரிது.

ஆகவே சத்திரசிகிச்சையின் முதல் நோக்கம், ஆளை மறுநாளே கதிரையில் இருத்தி, பிடித்துக்கொண்டாவது நடக்கவைப்பது. இதை மனதில் வைத்திருந்தால், ஆய்வாளர்கள் எதை அளக்கிறார்கள், ஏன் அளக்கிறார்கள் என்பது பாதி விளங்கிவிடும். எக்ஸ்ரே படம் அழகாக வந்திருக்கிறதா என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். ஆள் உயிரோடு இருக்கிறாரா, நடக்கிறாரா, மறுபடி சத்திரசிகிச்சை மேசையில் ஏற்ற வேண்டி வந்ததா என்பவையே கேள்விகள்.

1992 இல் வெளிவந்த ஒரு கணிப்பு, 1990 ஆம் ஆண்டில் உலகில் 16 இலட்சத்து 60 ஆயிரம் இடுப்பு முறிவுகள் நடந்ததாகவும், 2050 இல் அது 62 இலட்சத்தைத் தாண்டும் என்றும் சொன்னது. ஆசியாவின் பங்கு பெருகும் என்றும் சொன்னது. காரணம் எளிது: நாங்கள் இப்போது நீண்ட காலம் வாழ்கிறோம்.

பழைய கதையில் உள்ள ஓட்டை

எலும்பு முறிவு மருத்துவத்தில் மிகப் பெயர்பெற்ற வெற்றிக் கதை தோமஸ் ஸ்பிளின்ட். வளையமும் இரண்டு இரும்புக் கம்பிகளும் கொண்ட அந்தச் சட்டத்தை இன்றும் எங்கள் வாட்டுகளில் காணலாம். ஹியூ ஓவன் தோமஸ் 19 ஆம் நூற்றாண்டில் செய்தது. அவருடைய மனைவி வழி மருமகன் ரொபேர்ட் ஜோன்ஸ், முதலாம் உலகப் போரில் அதைப் போர்முனைக்குக் கொண்டுபோனார். போரின் தொடக்கத்தில், தொடை எலும்பு முறிந்து காயமும் திறந்திருந்த வீரர்களில் பத்தில் எட்டுப் பேர் இறந்தார்கள் என்றும், சட்டம் வந்தபின் அது இரண்டுக்கும் கீழே இறங்கியது என்றும் பாடப்புத்தகங்கள் சொல்லும்.

கால் அசையாமல் இருந்தால் இரத்தப்போக்கும் வலியும் குறையும் என்பது உண்மை. ஆனால் அதே வருடங்களில் வேறு பலவும் மாறின. அழுகிய சதையை வெட்டிக் காயத்தைத் திறந்தபடி விடும் பழக்கம் வந்தது. இரத்தம் ஏற்றத் தொடங்கினார்கள். சத்திரசிகிச்சைக் கூடாரங்கள் போர்முனைக்குக் கிட்டப் போயின. இறப்புக் குறைந்ததில் சட்டத்தின் பங்கு எவ்வளவு, மற்றவற்றின் பங்கு எவ்வளவு? பிரித்துச் சொல்ல வழியில்லை. ‘முன்னர் இப்படி, பின்னர் அப்படி’ என்ற ஒப்பீட்டில் எப்போதும் இந்த ஓட்டை இருக்கும்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. ஒரு வைத்தியசாலையில் முழு மாற்றுச் செய்தவர்கள், பாதி மாற்றுச் செய்தவர்களைவிட நன்றாக நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முழு மாற்றுத்தான் சிறந்தது என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். வைத்தியர் யாருக்கு முழு மாற்றுச் செய்திருப்பார்? தோட்டத்தில் தானே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த, நெஞ்சு வருத்தம் இல்லாத, தெம்பான ஆளுக்கு. ஏற்கெனவே பொல்லுப் பிடித்து நடந்தவருக்குச் சின்னச் சத்திரசிகிச்சை போதும் என்று பாதி மாற்றுச் செய்திருப்பார். நன்றாக நடப்பது அந்த உலோகத்தாலா, ஆளின் தெம்பாலா?

இந்தச் சிக்கலை வெட்டுகிற வழிதான் எழுமாற்றுச் சோதனை. இரண்டு முறைக்கும் பொருத்தமான நோயாளியிடம் சம்மதம் வாங்கியபின், யாருக்கு எது என்பதை வைத்தியரும் முடிவெடுப்பதில்லை, நோயாளியும் எடுப்பதில்லை; கணினி சீட்டுப் போட்டுச் சொல்கிறது. ஆட்கள் போதுமான அளவு இருந்தால் தெம்பானவர்களும் தளர்ந்தவர்களும் இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாக விழுவார்கள். கடைசியில் வித்தியாசம் தெரிந்தால் அது சிகிச்சையால் வந்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். மனிதரை வைத்துச் சோதனையா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எது நல்லது என்று உண்மையிலேயே யாருக்கும் தெரியாத நிலையில்தான் இப்படிச் செய்ய அனுமதி கிடைக்கும். அந்த நிலையில், சீட்டுப் போடாமல் செய்தாலும் வைத்தியர் ஊகத்தில்தான் செய்கிறார்.

ஆட்களின் எண்ணிக்கை ஏன் முக்கியம்? பக்கத்துக்கு 20 பேரை மட்டும் வைத்து, ஒரு பக்கம் 2 பேருக்கும் மறுபக்கம் 4 பேருக்கும் மறுசத்திரசிகிச்சை தேவைப்பட்டது என்றால் அதில் ஒன்றும் இல்லை. தற்செயலாகவே அப்படி வரும். ‘வித்தியாசம் இல்லை’ என்று ஒரு சின்ன ஆய்வு சொன்னால், அது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு யானை இல்லை என்று சொன்ன மாதிரியும் இருக்கலாம். நெடுங்கேணிப் பக்கத்து ஆட்களுக்கு யானைக் கதை விளக்கத் தேவையில்லை. பெரிய ஆய்வு சொன்னால்தான் அந்தச் சொல்லுக்கு எடை.

வித்தியாசம் இல்லாததில் உள்ள இலாபம்

ஹெல்த் என்ற பெயரில் நடந்த சோதனையின் முடிவு 2019 இல் வந்தது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மொஹித் பண்டாரி முன்னின்று நடத்தியது. 10 நாடுகள், 80 வைத்தியசாலைகள், 50 வயதுக்கு மேற்பட்ட, கழுத்து முறிந்து விலகிய 1495 பேர். முழு மாற்றா, பாதி மாற்றா என்பது கேள்வி. இரண்டு வருடங்களுக்குள் மறுபடி சத்திரசிகிச்சை தேவைப்பட்டவர்கள் முழு மாற்றில் 7.9 சதவீதம், பாதி மாற்றில் 8.3 சதவீதம். கால் இயக்கத்தில் முழு மாற்றுக்கு ஒரு சிறு முன்னிலை. ஆளுக்கு உறைக்கும் அளவுக்கு இல்லை.

இதை கிளிநொச்சியில் இருந்து வாசித்துப் பாருங்கள். பாதி மாற்று, நேரம் குறைந்த சத்திரசிகிச்சை. உலோகத்தின் விலையும் குறைவு. ‘காசிருந்தால் கொழும்பில் முழு மாற்றுச் செய்திருக்கலாமே, அம்மாவுக்குக் குறைந்ததைச் செய்துவிட்டோமே’ என்று மனதைப் போட்டு அலட்டும் பிள்ளைகளுக்கு அந்த 1495 பேர் பதில் சொல்கிறார்கள். நல்ல தெம்பான, இன்னும் பல வருடம் ஓடியாடப்போகிற ஆளுக்கு முழு மாற்றுப் பொருந்தலாம் என்று வைத்தியர் சொன்னால் அதற்கும் நியாயம் உண்டு. ஆனால் பாதி மாற்று ஏழைகளின் சிகிச்சை அல்ல.

விறைப்பூசியா, முழு மயக்கமா என்பதும் இப்படித்தான். முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் விறைக்கவைப்பதே வயதானவர்களுக்கு நல்லது என்று நெடுங்காலம் நம்பினார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1600 பேரை வைத்து நடந்த ரீகெயின் சோதனை 2021 இல் வெளிவந்தது. 60 நாளில் இறந்தவர்களும், தனியாக நடக்க முடியாமல் போனவர்களும் சேர்ந்து, விறைப்பூசியில் 18.5 சதவீதம், முழு மயக்கத்தில் 18 சதவீதம். எது கைவசம் இருக்கிறதோ, எதில் அந்த மயக்க மருந்து வைத்தியருக்குக் கை பழகியிருக்கிறதோ, அதைச் செய்யலாம் என்று அர்த்தம்.

காலில் பட்டி ஒட்டி, கட்டில் ஓரக் கப்பியில் பாரம் தொங்கவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பு முறிந்தவருக்குச் சத்திரசிகிச்சைக்கு முன்னர் இப்படிப் பாரம் கட்டுவதால் வலி குறைகிறதா, எலும்பைச் சேர்ப்பது இலகுவாகிறதா என்று நடந்த சோதனைகளையெல்லாம் மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்றாக எடுத்துப் பார்த்தது. பொதுவில் கட்டுவதால் பயன் தெரியவில்லை. அதற்காக உங்கள் அம்மாவின் கட்டிலில் தொங்குவதை அவிழ்த்துவிடாதீர்கள்! தண்டு முறிவுக்குப் பாரம் கட்டுவது வேறு விஷயம், அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

எல்லாச் சோதனையும் சமநிலையில் முடிவதில்லை. செயற்கைத் தலையைச் சீமெந்து வைத்துப் பதிப்பதா, சீமெந்து இல்லாமல் இறுக்கமாக இறக்குவதா என்று பிரிட்டனில் 1225 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2022 இல் வந்த முடிவில் சீமெந்து வென்றது. நான்கு மாதத்தில் வாழ்க்கைத் தரம் கூட. பதித்த இடத்தைச் சுற்றி எலும்பு மறுபடி முறிந்தது சீமெந்தில் 0.5 சதவீதம், மற்றதில் 2.1 சதவீதம். அங்கே ஒப்பிட்ட புதுவகைச் சீமெந்தில்லாத தலையைவிடச் சீமெந்துதான் பழைய முறை. புதிதாய் வந்ததெல்லாம் மேலானது என்று நினைக்கிற ஆட்களுக்கு நான் எடுத்துச் சொல்வது இந்த ஆய்வைத்தான்.

ஆறு மணி நேரமும் ஐந்து நாளும்

இனி, தவறாக வாசிக்கக்கூடிய ஒரு முடிவு. ஹிப் அட்டாக் சோதனை 2020 இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 17 நாடுகள், 2970 பேர். முறிவு என்று உறுதியானதில் இருந்து ஒரு பிரிவினருக்கு ஏறத்தாழ 6 மணி நேரத்தில் சத்திரசிகிச்சை, மற்றப் பிரிவினருக்கு ஏறத்தாழ 24 மணி நேரத்தில். 90 நாளில் இறந்தவர்கள் 9 சதவீதமும் 10 சதவீதமும். வித்தியாசம் என்று சொல்லும்படி இல்லை. விரைந்து செய்தவர்களில் பிதற்றல் நிலை குறைவாக இருந்தது. அவர்கள் முந்தி எழும்பி நடந்தார்கள், முந்தி வீட்டுக்கும் போனார்கள்.

‘அப்போ சுணங்கினால் பரவாயில்லை’ என்று யாராவது சொன்னால், எதோடு எதை ஒப்பிட்டார்கள் என்று திருப்பிக் கேட்கவேண்டும். அங்கே சுணங்கியவர்களே மறுநாள் மேசையில் ஏறிவிட்டார்கள். பிரிட்டனின் வழிகாட்டியும் அனுமதித்த அன்று அல்லது மறுநாள் என்றுதான் சொல்கிறது. விழுந்து இரண்டு நாள் வீட்டில் எண்ணெய் பூசி, பிறகு முறிவு வைத்தியரிடம் பத்துப் போட்டு, பிறகு கிராமத்து வைத்தியசாலை, அங்கிருந்து மாவட்ட வைத்தியசாலை, அங்கிருந்து யாழ்ப்பாணம் என்று ஐந்தாம் ஆறாம் நாள் மேசைக்குப் போகிற ஒருவரைப் பற்றி அந்தச் சோதனை எதுவும் சொல்லவில்லை.

எங்கள் நிலைமைக்குக் கிட்ட வருவது இன்னோர்மஸ் என்ற பேராய்வு. இது சீட்டுப் போட்ட சோதனை அல்ல. நடப்பதை நடக்கிறபடி பதிந்தது. வருமானம் குறைந்த, நடுத்தர வருமானம் உள்ள நாடுகள் 18 இல், முறிவோடு வந்த 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விபரம் 2020 இல் வெளியானது. வைத்தியசாலையில் சேர்வது சுணங்கியதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, ஒரு வைத்தியசாலையில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டது. துணுக்காயில் இருந்தும் முழங்காவிலில் இருந்தும் ஆளை ஏற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு இது புதினமில்லை. 1990 இலக்கத்துக்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். முச்சக்கரவண்டியில் காலை மடக்கி இருத்திக் கொண்டுபோவதைவிட அது எவ்வளவோ மேல்.

முறிவு வைத்தியர்களைப் பழிக்க நான் வரவில்லை. ஆனால் மூட்டு உறைக்குள் முறிந்து விலகிய கழுத்தை வெளியே கட்டும் எந்தக் கட்டாலும் பிடிக்கமுடியாது. விழுந்தபின் ஒரு கால் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் நேரே எக்ஸ்ரேக்குப் போகவேண்டும். விலகாத முறிவோடு சிலர் நொண்டி நொண்டி நடக்கவும் செய்வார்கள், கவட்டில்தான் நோகும். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் நடக்கும். நோ மாறவில்லை என்றால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள்.

பொடியனின் கால்

தண்டு முறிந்தால் தொடைக்குள்ளேயே ஒன்று, ஒன்றரை லீற்றர் இரத்தம் வெளியில் தெரியாமல் தேங்கலாம். எலும்பு மச்சையின் கொழுப்பு இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைப்பது இன்னொரு ஆபத்து. முன்பெல்லாம் ‘ஆள் முதலில் தேறட்டும், காலைப் பிறகு பார்ப்போம்’ என்பதுதான் வழக்கம். 1989 இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் இருந்து 178 பேரை வைத்த ஒரு சோதனை வந்தது. பல இடங்களில் காயப்பட்டவர்களில், 24 மணி நேரத்துக்குள் எலும்பைப் பூட்டியவர்களுக்கு நுரையீரல் சிக்கல் குறைவாக இருந்தது. வழக்கம் தலைகீழானது. பிறகு, மிகவும் மோசமான நிலையில் உள்ளவருக்கு நீண்ட சத்திரசிகிச்சையே ஒரு அடியாகிவிடும் என்று கண்டு, அப்படியானவர்களுக்கு மட்டும் வெளியே கம்பி போட்டு நிறுத்திவைத்து, தேறியபின் உள்ளே கம்பி இறக்கும் முறை வந்தது. வெளியில் கம்பி போட்ட காலைப் பார்க்காதவர் 2009 க்குப் பிந்திய வன்னியில் யார்?

உள்ளே இறக்கும் கம்பி ஜெர்மனியின் கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்ற சத்திரசிகிச்சை நிபுணருடையது. 1939 இல் கீல் நகரில் முதன்முதல் செய்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய கைதிகளின் எக்ஸ்ரேயில் தொடைக்குள் நீளக் கம்பியைக் கண்டு மற்ற நாட்டு வைத்தியர்கள் திகைத்தார்கள். அதற்கு முன்னர் தண்டு முறிந்தவர் மாதக்கணக்கில் பாரம் கட்டிக் கிடக்கவேண்டும். கமக்காரன் என்றால் ஒரு காலபோகமே போய்விடும்.

இப்போதைய கம்பிகளுக்கு மேலும் கீழும் குறுக்கு ஸ்குறூ பூட்டவேண்டும். எலும்புக்குள் மறைந்திருக்கும் ஓட்டையைக் கண்டுபிடிக்க, சத்திரசிகிச்சை நடக்கும்போதே படம் காட்டும் எக்ஸ்ரே யந்திரம் தேவை. அது இல்லாத, அல்லது பழுதாய்க் கிடக்கிற வைத்தியசாலைகள் உலகில் ஏராளம். வியட்நாம் போரில் பணிசெய்த லூயிஸ் சேர்க்கிள் என்ற அமெரிக்க வைத்தியர் 1999 இல் தொடங்கிய சைன் அமைப்பு, அந்த யந்திரம் இல்லாமலே பூட்டக்கூடிய கம்பியை வடிவமைத்தது. வெளியே பொருத்தும் ஒரு சட்டம் ஓட்டையின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஏழை நாட்டு வைத்தியசாலைகளுக்கு அதை நன்கொடையாகவே கொடுக்கிறார்கள். அங்குள்ள வைத்தியர்கள் ஒவ்வொரு நோயாளியின் விபரத்தையும் பொதுத் தரவுத்தளத்தில் பதிகிறார்கள்.

குந்தியிருந்து சிரி

அந்தத் தரவுத்தளத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. நோயாளி தேறிவிட்டாரா என்று பார்க்க, அவரைக் குந்தியிருக்கச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, ஒரு படம் எடுக்கிறார்கள். முழுதாகக் குந்த முடிந்தால் இடுப்பும் முழங்காலும் மடங்குகின்றன, எலும்பு பாரம் தாங்குகிறது. சிரிக்க முடிந்தால் நோ இல்லை. வெகுதூரத்தில் இருந்து திரும்பவும் கிளினிக்குக்கு வரமுடியாதவர் கைத்தொலைபேசியில் அனுப்பினாலும் போதும். இதை ஒரு அளவுகோலாகப் பயன்படுத்த முடியுமா என்று தன்சானியா போன்ற இடங்களில் ஆய்வும் செய்திருக்கிறார்கள்.

இதற்குப் பக்கத்தில், இடுப்பு ஆய்வுகளில் பெயர்பெற்ற ஒக்ஸ்ஃபோர்ட் கேள்விப் பட்டியலை வைத்துப் பாருங்கள். 12 கேள்விகள். அதில் ஒன்று, காலுறை போட முடிகிறதா என்பது. ஒட்டுசுட்டானில் வாழ்நாளில் காலுறை போடாத ஒரு அப்பாச்சியிடம் இதைக் கேட்டு என்ன புள்ளி போடுவது? காரில் ஏறி இறங்குவது பற்றியும் கேட்பார்கள். பாயில் இருந்து எழும்ப முடிகிறதா, குந்தி இருந்து அரிவாளில் மீன் வெட்ட முடிகிறதா, கோயிலில் நிலத்தில் இருக்க முடிகிறதா என்று அந்தப் பட்டியல் கேட்காது. எங்களுக்கு இவைதான் வாழ்க்கை. செயற்கை இடுப்பு வைத்தவர்களுக்கு ஆழமாகக் குந்துவதும் சப்பாணி கட்டுவதும் மூட்டு விலகும் ஆபத்தைக் கூட்டக்கூடும் என்பதால், பாதி மாற்றா முழு மாற்றா என்ற கேள்விக்கே இங்கே வேறு ஒரு முகம் இருக்கிறது. யாழ்ப்பாண மருத்துவபீடத்து மாணவர் யாராவது ஆய்வுக்குத் தலைப்புத் தேடினால், பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியது இது.

உலோகத்தை விட்டுவிட்டுக் கவனிப்பை மட்டும் சோதித்த ஆய்வும் உண்டு. நோர்வேயின் ட்ரொன்ட்ஹைம் நகரில், 70 வயதுக்கு மேற்பட்ட 397 பேரில் பாதிப் பேரை வழமையான எலும்பு முறிவு வாட்டிலும், மற்றப் பாதியை முதியோருக்கான தனி வாட்டிலும் வைத்தார்கள். அங்கே மருந்துகளைத் திருப்பிப் பார்த்தார்கள், சாப்பாட்டைக் கவனித்தார்கள், நேரத்தோடு எழுப்பி நடத்தினார்கள். நான்கு மாதம் கழித்து அந்த வாட்டில் இருந்தவர்கள் கூடிய அளவு நன்றாக நடந்தார்கள். 2015 இல் லான்செட்டில் வந்தது.

கடைசியாக, மறுபக்க இடுப்பு. ஒரு பக்கம் முறிந்தவருக்கு மற்றப் பக்கம் முறியும் வாய்ப்புக் கூட, ஏனென்றால் எலும்பு தேய்ந்த ஆள் அதே ஆள்தான். 2007 இல் வந்த ஹொரைசன் சோதனையில், இடுப்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்த 2127 பேரைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் கல்சியமும் விற்றமின் டியும். பாதிப் பேருக்கு அதோடு வருடத்துக்கு ஒரு தடவை, எலும்பு கரைவதைக் குறைக்கும் சொலெட்ரோனிக் அமிலம் என்ற மருந்தை நாளத்தில் ஏற்றினார்கள். புதிய முறிவு, மருந்து ஏற்றியவர்களில் 8.6 சதவீதம், ஏற்றாதவர்களில் 13.9 சதவீதம். இறப்பும் 13.3 இல் இருந்து 9.6 சதவீதமாகக் குறைந்தது. வித்தியாசம் இருக்கிறது என்று துணிந்து சொன்ன சோதனை இது.

ஆகவே வீட்டுக்கு அனுப்பும்போது, தையல் எப்போது வெட்டுவது என்பதோடு, எலும்பைப் பலப்படுத்த மருந்து தேவையா என்றும் கிளினிக்கில் கேளுங்கள். அதற்கு முன்னர் சிறுநீரகப் பரிசோதனை செய்திருக்கிறதா என்றும் கேளுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவே இல்லை. அவர்களுக்கு அந்த மருந்து ஏற்றுவது ஆபத்து. வவுனியாப் பக்கத்துக் கமக்காரர்களுக்குள் காரணம் தெரியாத சிறுநீரக நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது தெரிந்ததே. அவர்களுக்கு எந்த மருந்து, எந்த அளவில் என்பதை கிளினிக் வைத்தியர் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.